ஓர் அடுப்பு, இரண்டு பேர்

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த காபி ஷெட்டுக்கு எட்டு ஜன்னல்கள். எட்டும் கிழக்குச் சுவரில் இருந்தன. காபிக்கொட்டை பொறுக்குகிறவளுக்கு ஜன்னல்தான் பாதிக் கண். வெளிச்சம் குறைந்தால் பூச்சி குத்திய கொட்டையும் நல்ல கொட்டையும் ஒன்றுபோலத் தெரியும். ஜன்னல் ஓரத்து மேசைகள் மலைக்காரப் பெண்களான எங்களுக்கு. கதவுப் பக்கத்து மங்கலான மேசைகள், கீழே சேலத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்து எஸ்டேட் லைன் வீடுகளில் குடியிருந்த பெண்களுக்கு. இப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. நான் சேர்வதற்கு முன்பே அப்படி இருந்தது. குடிதண்ணீர்ப் பானையும் இரண்டு.

எனக்கு மூன்றாவது ஜன்னல். என் கை வேகத்துக்கு அந்த ஷெட்டில் இணை கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இடது கை கொட்டையைப் பரப்பிக்கொண்டே போகும். வலது கை கருப்பு, உடைசல், பூச்சி, உருண்டையாக இருக்கும் ஒற்றைக்கொட்டை என்று பிரித்துத் தள்ளிக்கொண்டே போகும். கை ஓரிடத்தில் நிற்காததுபோல எனக்கு மனசும் நிற்காது. மேசைக்கு அடியில் காலை ஆட்டியபடியே இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கரடியூர் முனைக்குப் போய்க் கீழே பார்ப்பேன். சமவெளியில் ரோடும் ரயிலும் எங்கெங்கோ போகும். நான் பொறுக்கிய கொட்டை மூட்டையாகிக் கப்பல் ஏறுகிறது என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சொல்வார். கொட்டை போகிறது, நான் இங்கேயே இருக்கிறேன் என்று தோன்றும். முப்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. சேலத்தைத் தாண்டி ஓர் ஊர் பார்த்ததில்லை.

எண்பதுகளின் நடுவில் எங்களுக்குப் புது மேனேஜர் வந்தார். பெண். பேண்ட் போட்டு, கூந்தலைக் கத்தரித்து, ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பிறந்தது மங்களூர்ப் பக்கம் என்றார்கள். காபி விளையும் வெளிநாடுகள் இரண்டு மூன்றில் வேலை பார்த்தவராம். தமிழ் எங்களைப்போன்ற வேலைக்காரப் பெண்களிடம் கற்றுக்கொண்டதுதான். கையில் எப்போதும் ஜீப் சாவி. நின்றாலும் பேசினாலும் அதைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்பதை முதல் நாளே கண்டுகொண்டேன். அதனால் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒரு வாரத்தில் அந்தப் பிடித்தமும் போயிற்று.

ஒரு வாரம் முழுக்க ஷெட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். பிறகு ஒரு காலையில் வந்து, இனி ஜன்னல் மேசைகள் முறை வைத்து மாறும் என்றார். கதவுப் பக்கத்தார் ஒரு வாரம், நாங்கள் ஒரு வாரம்.

நான்தான் எழுந்தேன். "ஏனுங்கம்மா, இது எங்க எடமுங்க."

"ஜன்னல்ல உங்க பேர் எழுதியிருக்கா?"

"பேரு இல்லீங்க. பதினோரு வருசமா உக்காந்த தடம் இருக்குது."

"அப்ப மத்தவங்களும் உக்காரட்டும். அவங்களுக்கும் தடம் விழட்டும்."

அதற்கு முன் இருந்த மேனேஜர்கள் எங்களை ஏய், இந்தா என்பார்கள். இவர் ஒருவர்தான் எல்லாரையும் நீங்க என்றவர். நீங்க என்று சொல்லியே என் இடத்தைப் பிடுங்கிவிட்டார். நான் மூன்று நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதைவிட ஆறாதது இன்னொன்று. வெளிச்சம் கிடைத்த இரண்டாம் வாரமே லைன் பெண்களின் கொட்டை எங்கள் கொட்டைக்குச் சமமாக நின்றது. அவர்களுக்குக் கை வராது என்று பதினோரு வருடமாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். வராமல் இருந்தது வெளிச்சம்தான்.

அடுத்த வருடம் ஒரு சேதி வந்தது. எங்கள் எஸ்டேட்காரர்களுக்குக் கென்யாவில் ஒரு காபித் தோட்டத்தோடு கூட்டு இருந்தது. அங்கிருந்து இரண்டு பேர் இங்கே வருவது, இங்கிருந்து இரண்டு பேர் அங்கே போவது, ஆறு ஆறு மாதம் கொட்டை பொறுக்கிப் பழகுவது, பழக்குவது என்று ஏற்பாடு. ஏற்பாடே மேனேஜரம்மா எழுதிக் கேட்டு வாங்கியதுதான். பெரிய ஆபீஸில் இரண்டு சூபர்வைசர்களை அனுப்பலாம் என்றார்களாம். ஆபீஸ் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ரைட்டர் மத்தியானம் வந்து எங்களுக்குச் சொன்னார்.

"அந்தம்மா போன்ல சத்தம் போடுது பாத்துக்க. கொட்ட பொறுக்கறது பொம்பளைங்க, பிளேன்ல போறது மட்டும் ஆம்பளைங்களான்னு கேக்குது. ஒரு மலைக்காரப் பொம்பள, ஒரு லைன் பொம்பள, ரெண்டு பேரும் சேந்துதான் போவோணும்னு ஒரே புடி."

"ஏனுங்க ரைட்டரு, பிளேன்ல களி குடுப்பாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை தானாக நின்றுவிட்டது.

ஒரு வாரம் கழித்து மேனேஜரம்மா என்னைக் கூப்பிட்டார். லைன் பெண்களில் ஒருத்தியையும் கூப்பிட்டார். அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவள், குச்சிபோல் இருப்பாள், நாக்கு மட்டும் நீளம். மேனேஜரம்மா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார்.

"அங்கே நாலு பேருக்கு ஒரு ரூம், ஒரு அடுப்பு. ஒரு நாள் ஒருத்தர் சமைக்கணும். நீங்க ரெண்டு பேரும் போறதுக்கு முன்னாடி இங்கேயே ஆறு வாரம் அப்படி இருந்து பழகுங்க. ஷெட்டுக்குப் பின்னாடி ஒரு குவார்ட்டர்ஸ் காலியா இருக்கு. சரியா?"

சரிங்க என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஊர் தலைச்சோலைக்கு அந்தப் பக்கம். பெயர் வேண்டாம். ஷெட்டிலிருந்து மூன்று மைல் நடை. எங்கள் ஊரார் அந்தப் பெண்ணின் சாதிக்காரர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். சோறு தின்றால் ஊர்க் கோயில் பொங்கலில் அந்த வீட்டுப் பானைக்கு இடம் கிடையாது. எங்கள் வீட்டுப் பானை சும்மா பானை இல்லை. முதலில் வைக்கிற பானை. என் மாமியார் வைத்தது, அவருக்குப் பிறகு நான் வைப்பது. அது பொங்கி வழிந்த பிறகுதான் மற்ற வீட்டார் அடுப்பு மூட்டுவார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காபிச் செடிக்கு நிழல்மரம் கழித்துக்கொண்டிருந்தார். அரிவாளை நிறுத்தாமல் கேட்டார்.

"உனக்குப் போவோணுமா?"

"போவோணும்."

"அப்பப் போ." கொஞ்சம் பொறுத்து, "அந்த அடுப்பு விசயத்த எப்படிச் சமாளிப்பே?" என்றார்.

"அத நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸ் ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு. முதல் நாள் திங்கட்கிழமை, அவள் முறை. சோறும் பருப்பும் ஆக்கி வைத்துவிட்டு, "அக்கா, வாங்க" என்றாள்.

"இன்னைக்குத் திங்கக்கெழம, கண்ணு. எனக்கு விரதம்."

செவ்வாய்க்கிழமை என் முறை. நான் ஆக்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் ஆக்கின நாளில் விரதம், நான் ஆக்கின நாளில் சாப்பாடு என்றால் பச்சைப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். அவளிடம் அப்படி அகப்பட எனக்கு அவமானமாக இருந்தது. அதனால் செவ்வாய் முருகனுக்கு என்றேன். என் கையால் ஆக்கிய சோற்றை அவளுக்குப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். புதன்கிழமைக்கு எந்தச் சாமியும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. தலைவலி என்றேன். வியாழன் குலசாமிக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு நடந்துபோய் மூன்று ஆள் சோற்றைத் தின்றேன். வறுத்த கேழ்வரகு மாவில் வெல்லம் தட்டிப் போட்டு ஒரு பை கட்டிக்கொண்டு வந்தேன். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் ஊற்று இருந்தது. மத்தியானம் யாரும் பார்க்காமல் அங்கே போய் ஒரு பிடி வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். அவ்வளவுதான் ஒரு நாளைக்கு.

இரண்டாம் வாரம் அவள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள். "ஏனுங்க கவுண்டச்சியக்கா, உங்க சாமிங்களுக்கு வாரத்துல ஒரு நாளாச்சும் லீவு கெடையாதுங்களா?"

"நொம்பப் பேசாத புள்ள."

"பேசலீங்க. அத்தன சாமியும் உங்க ஒருத்தி வயித்தையே நம்பி இருக்குதேன்னு பாவமா இருக்குதுங்க."

அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவளுக்குத் தெரியும் என்பது தெரியவில்லை. இல்லை, அதுவும் பொய். எனக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாததுபோல அந்த ஒரு அறைக்குள் சுற்றி வந்தோம். நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பேன். பாத்திரத்தை எடுத்த இடத்திலேயே திருப்பி வைப்பேன். பாஸ்போர்ட் வந்ததா என்று ரைட்டரைத் தினமும் இரண்டு தடவை கேட்பேன். "வந்தா உங்கிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன், என் உசுர எடுக்காத" என்பார் அவர்.

நான்காம் வாரம் என் கை தளர்ந்தது. எனக்கே தெரிந்தது. ஒரு நாள் மேனேஜரம்மா நான் பொறுக்கி முடித்த தட்டில் கையை விட்டு அளைந்து ஒரு கருப்புக் கொட்டையை எடுத்தார். என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வருடத்தில் என் தட்டில் யாரும் கருப்பு எடுத்ததில்லை. அந்த ஒற்றைக் கொட்டையைக் கழிவில் தள்ளக்கூட எனக்குக் கை எழவில்லை. அவமானமா பசியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஐந்தாம் வாரம் டாக்டர் சோதனைக்கு மூன்று பேரும் ஜீப்பில் சேலம் போனோம். டாக்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அமுக்கினார். தராசில் ஏறச் சொன்னார். ஏறி இறங்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ரத்தமே இல்லம்மா உனக்கு. இப்படியே கையெழுத்துப் போட முடியாது. ரெண்டு வாரம் கழிச்சு வா. தேறினா பாக்கலாம்" என்றார். லைன் பெண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் மேனேஜரம்மா வழக்கத்தைவிட வேகமாகத் திருப்பினார். ஏழாவதோ எட்டாவதோ வளைவில் கேட்டார்.

"வீட்ல என்ன சாப்பிடறீங்க ரெண்டு பேரும்?"

நான் வெளியே பள்ளத்தைப் பார்த்தேன். பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள். "நான் சோறு திங்கறனுங்க. அக்கா சாமிக்குக் குடுத்துட்டு இருக்கறாங்க."

"எந்தச் சாமிக்கு?"

"எல்லாத்துக்குமுங்க. அஞ்சு வாரமா. ஊத்துப் பக்கம் போயி மாவு திங்கறாங்க. நான் பாத்தனுங்க. நான் ஆக்கினத அவங்க தொட முடியாது. அதச் சொல்ல வாய் வரல. அவ்வளவுதானுங்க."

அவள் குரலில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

மேனேஜரம்மா ஜீப்பை ஓரம் கட்டி நிறுத்தினார். சாவியை உருவினார். முதல்முறையாக அந்தச் சாவி அவர் கையில் ஆடவில்லை.

"இது நான் கேட்டிருக்க வேண்டியது. கேக்கல. ஒரு ரூம்ல போட்டா சரியாயிடும்னு நெனச்சேன். அது என் தப்பு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சாப்பிடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க இஷ்டம். தனி அடுப்பும் தர மாட்டேன், அங்கே தனி அடுப்பு கிடையாது. ஆனா பொய் சொல்லிட்டு பிளேன் ஏற முடியாது. அங்கே போய் நீங்க மயங்கி விழுந்தா, பொம்பளைங்களை அனுப்பினா இப்படித்தான்னு சொல்றதுக்கு ஆபீஸ்ல பத்து பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. உங்களுக்கப்புறம் ஒருத்தியும் போக முடியாது. பத்து நாள்ல சொல்லுங்க. முடியாதுன்னா வேற ஆளை அனுப்பறேன். உங்க மேல எனக்குக் கோவம் வராது."

கோபம் வராது என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு ஆளா. அந்த ஷெட்டில் எனக்கு வேறு ஆளா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு ஊர்க் கவுண்டர் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு மாமன் முறை. நல்ல மனுஷர்தான். மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். இனிமேல் அவள் ஆக்குவதைச் சாப்பிடப் போகிறேன் என்றேன்.

கவுண்டர் கொஞ்ச நேரம் மிளகைக் கிளறினார். "ஏன் கண்ணு, இத இங்க வந்து சொல்லோணுமா? கண்ணுக்கு எட்டாத சீமைக்குப் போறே. அங்க நீ என்ன திங்கறே, ஆரோட திங்கறேன்னு ஆரு பாக்கப் போறா? சொல்லாமப் போயிட்டு வா. வந்ததும் வழக்கம்போலப் பானைய வெய்யி."

மற்றவர்களும் அதுதானே என்றார்கள். எனக்கு அப்போது ஒரு நிமிடம் உடம்பெல்லாம் லேசாயிற்று. இத்தனை சுலபமா என்று இருந்தது. சரிங்க மாமா என்று சொல்லியும் இருப்பேன்.

"அவ பக்கத்துல இருப்பாளுங்களே மாமா" என்று வந்தது வாயில்.

"எவ?"

"என்கூட வர்றவ. ஆறு மாசம் அவ ஆக்கினதத் தின்னுட்டு, இங்க வந்து திங்கலேன்னு நின்னா, அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறதுங்க? ஒரே மேசையில உக்காந்து கொட்ட பொறுக்கோணுமுங்களே."

"அவளுக்காக ஊர விடறேங்கறியா?"

"ஊர விடலீங்க. உள்ளதச் சொல்றேன்."

கவுண்டர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "சொல்லாத வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்பச் சொல்லிட்டே. இனி உன்ர ஊட்டுப் பானைக்கு எடம் இல்ல. என்னையக் குத்தம் சொல்லாதே."

என் வீட்டுக்காரர் மத்தியானம் ஷெட்டு வரைக்கும் என்னோடு நடந்தார். பாதி வழியில், ஓடையைத் தாண்டும்போது, "எங்காத்தா வெச்ச பானை" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெரியது என்று தெரியும். தெரிந்தும் காலை எட்டிப் போட்டுத்தான் நடந்தேன்.

அறைக்குள் நுழைந்தபோது அவள் கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "இன்னைக்கு எந்தச் சாமிங்க?" என்றாள்.

"சாமி இல்ல. பசிக்குது. போடு."

கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டை எடுத்துக் கழுவினாள். ஏற்கனவே கழுவிய தட்டுதான், இன்னொரு தடவை கழுவினாள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். முதல் வாய் எனக்கு இறங்கவில்லை. இறங்கியது என்று எழுத ஆசைதான். தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன். இரண்டாவது வாய் இறங்கியது. மூன்றாவதில் காரம் தெரிந்தது.

"இத்தன காரத்த எப்படித் திங்கறே?"

"நாளைக்கு உங்க மொறதானே, கொறச்சுப் போடுங்க." அவள் தன் தட்டைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டுச் சொன்னாள். "ஒண்ணு சொல்லட்டுங்களா அக்கா? நான் ஆக்கினத நீங்க திங்காதது எனக்குப் பழக்கந்தான். சின்னதுலருந்து பாத்ததுதான். நீங்க ஆக்கிப் போட்டுட்டுச் செவுத்தப் பாத்து உக்காருவீங்களே, அதத்தான் திங்க முடியல. அஞ்சு வாரமா உங்க சோறு எனக்கு உள்ள எறங்கலீங்க."

நான் தட்டை நீட்டினேன். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.

முருங்கைக்கீரையும் முட்டையும் ஈரலுமாக அவள் எனக்கு ஆக்கிப் போட்டாள். இரண்டாம் தடவை டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கென்யாவைப் பற்றி நிறையச் சொல்லலாம். இங்கே கொஞ்சம்தான். குளிர் எங்கள் மலைக் குளிர்தான். மண் மட்டும் ரத்தச் சிவப்பு. அறையில் எங்களோடு இரண்டு பெண்கள். ஒருத்தி அந்த மலைக்காரி, இன்னொருத்தி கடற்கரைப் பக்கத்துக்காரி. அவர்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வேறு, சாமி வேறு, சாப்பாடும் வேறு. முதல் வாரம் அவர்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டதைக் கண்டு நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசிச் சிரித்தோம். மக்காச்சோள மாவில் அவர்கள் கிண்டுவது நம் களியேதான். அங்கே கொட்டைக்கு வாசம் வேறு, அளவு பெரிது. என் கை வேகத்தைப் பார்க்கப் பக்கத்து ஷெட்டிலிருந்து ஆள் வந்தது. கொட்டை காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்க்கும் எங்கள் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். ஒற்றைக்கொட்டையைத் தட்டைச் சாய்த்து உருட்டிப் பிரிப்பதை அவர்களிடம் கற்றுக்கொண்டேன். ஆறு மாதமும் எனக்குக் கால் நிற்கவில்லை. அங்கே இருக்கும்போது இங்கே, இங்கே வந்த பிறகு அங்கே. அந்தத் தவிப்பு இன்றுவரை ஆறவில்லை.

திரும்பி வந்த வாரமே ஊரிலிருந்து ஆள் விட்டார்கள். கோயில் முன்னால் நின்று தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும், பானைக்கு மறுபடி இடம் உண்டு என்று கவுண்டர் சொல்லி அனுப்பினார். அவராக இறங்கி வந்ததுதான் அது. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கொடம் தண்ணிதானே" என்றார்.

"அழுக்கு இருந்தா ஊத்திக்கறேன். இல்லியே" என்றேன்.

அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் ஒருவேளை ஊற்றிக்கொண்டிருப்பேன். எனக்கு அது உறுதியாகத் தெரியவில்லை.

விஷயம் மேனேஜரம்மா காதுக்குப் போயிற்று. உடனே ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்க் கவுண்டரிடம் பேசுகிறேன் என்று கிளம்பினார். நான் ஜீப் முன்னால் போய் நின்றேன்.

"வேண்டாமுங்கம்மா. அது என்ர ஊரு. நீங்க வந்து பேசுனா அது உங்க சண்டையாப் போயிரும்."

"என்னாலதான் இது உங்களுக்கு வந்தது."

"நீங்க அடுப்பத்தான் குடுத்தீங்க. தின்னது நானுங்க."

அவர் இறங்கிவிட்டார். என்னிடம் அவர் தோற்றது அந்த ஒரு தடவைதான்.

ஊர்க் கோயில் பொங்கல் அன்று ஷெட்டில் வேலை இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் வரவில்லை. கென்யாவிலிருந்து இரண்டு பெண்கள் புதிதாக வந்திருந்தார்கள். என் மேசையில் ஒருத்தியும், எதிரே என்னோடு போய் வந்தவள் மேசையில் ஒருத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணி வாக்கில் மலைக்கு மேலே மேளம் கேட்டது. என் பக்கத்தில் இருந்தவள் தலையைத் தூக்கி, அது என்ன என்று கையால் கேட்டாள். எதிர் மேசைக்காரி, அங்கே கற்றுக்கொண்ட நாலு வார்த்தையில், இவங்க ஊர்க் கோயில் திருவிழா என்று சொன்னாள். அப்படியென்றால் இவள் ஏன் இங்கே இருக்கிறாள் என்று அந்தப் பெண் என்னைக் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். எதிர் மேசைக்காரி குனிந்து கொட்டையைக் கிளறினாள்.

மேனேஜரம்மா வந்து நின்றார். "நீங்க வேணும்னா இன்னைக்கு லீவு எடுத்துக்கலாம்."

"லீவு எடுத்து எங்கீங்க போறது? வேல கெடக்குது" என்றேன்.

மேளம் நிற்கும் வரை நான் தலை நிமிரவில்லை. கை ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குப்போல வேகமாக நான் என்றைக்கும் பொறுக்கியதில்லை. ஆனால் கண் கலங்கிக் கலங்கி மறைத்தது. எத்தனை கருப்பு நல்ல கொட்டையோடு போயிற்றோ, எனக்கே தெரியாது. சாயங்காலம் மேனேஜரம்மா என் தட்டில் கையை விட்டு அளைந்தார். விரலில் இரண்டு மூன்று அகப்பட்டதை நான் பார்த்தேன். அவற்றை அப்படியே தட்டில் விட்டுவிட்டு, மூட்டையில் கொட்டச் சொல்லிப் போய்விட்டார்.

அவர் எனக்குச் செய்தது எத்தனையோ. ஊர் ஊராகச் சண்டை போட்டு, எனக்குப் பின்னால் எத்தனையோ பெண்களை அனுப்பினார். அத்தனைக்கும் கைகூப்புகிறேன். ஆனால் அந்தத் தட்டுக்காக மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. மறுபடி பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் பொறுக்கியிருப்பேன்.